பழைய கார்புரேட்டர் வாங்கப் போகிறீர்களா? ஹோலி, குவாட்ராஜெட், ஏ.எஃப்.பி., வெபர்: எது தேறும், எது தேறாது

பழைய வி-8 எஞ்சினுக்கு செகண்ட் ஹேண்ட் கார்புரேட்டர் தேடும்போது கண் முதலில் போவது பளபளக்கும் பீஸ் மீதுதான். எங்கள் தீர்ப்பு நேர்மாறு. பெட்ரோல் கறையும் தூசியுமாக, எஞ்சினிலிருந்து கழற்றிய கோலத்திலேயே இருப்பதை எடுங்கள். வெள்ளிப் பாத்திரம் போல மின்னுவதைக் கீழே வைத்துவிடுங்கள். ஹோலி என்ற அமெரிக்கக் கம்பெனியின் கார்புரேட்டர் பாடி பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. அதன் மேல் தங்க நிறத்தில் டைக்ரோமேட் பூச்சு இருக்கும். பளபளப்பாக்க கிளாஸ் பீட் (நுண்ணிய கண்ணாடி மணிகள்) அடித்தால் அந்தப் பூச்சு போய்விடும், அப்புறம் ஈரம் பட்டதும் உலோகம் வெள்ளையாகப் பூக்கும். அதைவிட மோசம், அந்தக் கண்ணாடித் துகள்கள் ஐடில் பாதைகளுக்குள், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடப் பெட்ரோல் போகும் வழிகளுக்குள், போய் உட்கார்ந்துகொள்வது. அங்கே இருக்கும் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இராது. ஒரு துகள் அடைத்தாலே ஐடிலிங் நிலைக்காது. எத்தனை ரிப்பேர் கிட் (மாற்று உதிரிகள் அடங்கிய பொட்டலம்) மாற்றினாலும் காரணம் பிடிபடாது.

பழைய கார்புரேட்டரைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இந்தக் குறை கிட்டில் தீருமா? கேஸ்கெட், டயஃப்ரம், நீடில்-சீட், ஆக்ஸிலரேட்டர் பம்ப் ரப்பர் எல்லாம் கிட்டில் வரும். அவை காய்ந்து வெடித்திருந்தால் கவலையே வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் எப்படியும் நிற்காது, மாற்றத்தான் போகிறீர்கள். வார்ப்பில் விரிசல், அழிந்த மரை, வளைந்த முகப்பு, தேய்ந்த ஷாஃப்ட் துளை ஆகியவை கிட்டில் வராது. விலை பேச வேண்டியது இவற்றை வைத்துத்தான்.

அதற்கு முன்னால் அளவு. எஞ்சின் கன அங்குலத்தை உச்ச ஆர்.பி.எம்.மால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் எத்தனை சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று வேண்டும் என்று கிடைக்கும். 350 கன அங்குல எஞ்சின் 6000 வரை சுற்றினால் 607. ஆனால் தெருவில் ஓடும் எஞ்சின் முழுதாக நிரம்புவதில்லை. 85 சதவீதம் என்று வைத்தால் 516தான். ஆக, அதற்கு 600 போதும். 850 கிடைக்கிறதே என்று தூக்கி மாட்டினால் கீழ் ஆர்.பி.எம்.மில் வென்சுரி என்ற குறுகிய கழுத்தில் காற்று வேகம் இல்லாமல் பெட்ரோல் சரியாக உறிஞ்சப்படாது, பிக்கப் தடுமாறும். இதில் இன்னொரு கண்ணி உண்டு. நான்கு பேரல் (காற்றுத் துளை) கார்புரேட்டர்களை 1.5 அங்குல பாதரச அழுத்த வித்தியாசத்தில் அளக்கிறார்கள், இரண்டு பேரலை 3 அங்குலத்தில். 500 என்று சொல்லப்படும் இரண்டு பேரல் ஹோலி, நான்கு பேரல் கணக்கில் சுமார் 350தான். இரண்டு எண்களையும் அப்படியே ஒப்பிட்டு ஏமாற வேண்டாம்.

எளிதில் கிடைப்பதும், அதிகம் கெடுக்கப்பட்டிருப்பதும் ஹோலிதான். சோக் தகடு இருக்கும் மேல் கழுத்தான சோக் கோபுரத்தின் முகப்பில் லிஸ்ட் எண் (மாடல் எண்) குத்தியிருக்கும். 1850 என்றால் 600 சி.எஃப்.எம்., வேக்யூம் செகண்டரி, அதாவது பிறகு திறக்கும் இரண்டு பேரல்கள் (செகண்டரி) காற்றின் உறிஞ்சலால் திறப்பது. 4777 என்றால் 650, 4779 என்றால் 750. இரண்டும் டபுள் பம்பர்: செகண்டரி லீவரால் திறக்கும், ஆக்ஸிலரேட்டர் பம்ப் இரண்டு. ஆட்டோமேட்டிக் கியர் உள்ள கனமான காருக்கு வேக்யூம் செகண்டரி, மேனுவல் கியர் உள்ள இலகுவான காருக்கு டபுள் பம்பர் என்ற பழைய வழக்கம் இன்றும் பொய்க்கவில்லை. சோக் கோபுரத்தையே அறுத்து எறிந்த பீஸ்கள் சந்தையில் உண்டு. கோபுரத்தோடு எண்ணும் போய்விடும், அது என்னவாகப் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ரேஸுக்காக உள்ளே எதையெல்லாம் துளைத்திருக்கிறார்களோ! அதைத் தொடாதீர்கள்.

எண் சரியென்றால் கைச் சோதனை. த்ராட்டிலைக் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டு ஷாஃப்டின் நுனியை மேலும் கீழுமாக ஆட்டுங்கள். லேசான அசைவு இருக்கலாம். 'கடக் கடக்' என்று தட்டினால் அந்த வழியாகக் காற்று புகும், ஐடிலிங் ஒருநாளும் ஒரு நிலையில் நிற்காது. துளையைப் பெரிதாக்கி புஷ் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் அது லேத் வேலை. பிறகு கவிழ்த்து, ஷாஃப்டோடு திரும்பிக் காற்றைத் திறந்து மூடும் பட்டர்ஃப்ளை தகடுகளை வெளிச்சத்தில் பிடியுங்கள். தகட்டில் துளை போட்டிருந்தால் முன்பு பெரிய கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்ட்) உள்ள எஞ்சினில் ஓடியது என்று அர்த்தம். உங்கள் சாதாரண கேமுக்கு ஐடில் வேகம் இறங்காது. தகட்டைப் பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூக்களின் வால் நசுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நசுக்காமல் விட்ட ஸ்க்ரூ கழன்றால் நேரே சிலிண்டருக்குள்தான் விழும்.

விற்பவர் அனுமதித்தால் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பவுலின் நான்கு ஸ்க்ரூக்களையும் கழற்றுங்கள். பெட்ரோலை அளந்து விடும் மீட்டரிங் பிளாக்கின் முகப்பில் எஃகு அளவுகோலை நிறுத்தி வையுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால், யாரோ கசிவை நிறுத்த ஸ்க்ரூக்களை மல்லுக்கட்டி இறுக்கியிருக்கிறார்கள். லேசான வளைவைக் கண்ணாடிப் பலகையில் எமரித் தாள் விரித்துத் தேய்த்து எடுக்கலாம். அதிகமென்றால் வேறு பிளாக் தேட வேண்டும். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் துளைத் திருகான ஜெட்டில் பொறித்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். துளையில் பளிச்சென்று புதுக் கீறல் தெரிந்தால் டிரில் விட்டிருக்கிறார்கள். ஜெட்டை மாற்றுவது எளிது. ஆனால் ஜெட்டில் டிரில் விட்ட கை, பிளாக்கிலும் விட்டிருக்கும்.

அழுத்தி ஓட்டும்போது கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வ் பற்றிப் பயமுறுத்துவார்கள். பேக்ஃபயரில் அதன் டயஃப்ரம் கிழிவது உண்மை, ஆனால் அது கிட்டில் தீரும் குறை. மாட்டிய பிறகு ஐடில் மிக்சர் ஸ்க்ரூக்களை முழுக்க உள்ளே திருகிப் பாருங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறு வழியாகப் பெட்ரோல் போகிறது. முதல் சந்தேகம் பவர் வால்வ் மீது.

ராசெஸ்டர் கம்பெனியின் நான்கு பேரல் குவாட்ராஜெட்டை 'குவாட்ராஜங்க்' என்று திட்டுகிறவர்கள் உண்டு. அது அநியாயம். சிறிய பிரைமரி (முதலில் திறக்கும் பேரல்கள்), பிரம்மாண்டமான செகண்டரி, ஓட்டும்போது கிடைக்கும் மைலேஜ் என்று பார்த்தால் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமானது குறைவு. கெட்ட பெயர் வந்தது இரண்டு மூன்று இடங்களால். பாடியின் அடியில் பெட்ரோல் கிணறுகளை மூடியிருக்கும் பிளக்குகள் கசியும். இரவில் பவுல் காலியாகி, காலையில் வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். அடித்தட்டைக் கழற்றி, பாடியில் பெட்ரோல் ஊற்றி, உலர்ந்த தாள் மேல் சில மணி நேரம் வையுங்கள். தாளில் ஈர வட்டம் விழுந்தால் கசிவு. எபாக்ஸி பூசி அடைக்கலாம். பெட்ரோல் நுழையும் நட்டின் மரையை விரலால் திருகியே பாருங்கள், கோணலாக ஏறினால் விட்டுவிடுங்கள். செகண்டரி ஏர் வால்வின் பிளாஸ்டிக் கேம் உடைந்திருக்கும், அது தனியாகக் கிடைக்கும். கறுப்பு ஃப்ளோட் நாளடைவில் பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிடும், யோசிக்காமல் மாற்றுங்கள். மேல் மூடியில் மின் இணைப்புச் செருகி இருந்தால் அது 1980களின் கம்ப்யூட்டர் வகை. அதன் கம்ப்யூட்டர் இல்லாத காரில் அது ஒழுங்காக ஓடாது. குவாட்ராஜெட் ஸ்ப்ரெட் போர் வகை (பிரைமரி துளை சிறிது, செகண்டரி துளை பெரிது) என்பதையும் மறக்க வேண்டாம், சதுர அமைப்பு (நான்கும் ஒரே அளவு) இன்டேக் மேனிஃபோல்டில் அடாப்டர் இல்லாமல் உட்காராது.

கார்ட்டர் ஏ.எஃப்.பி.யும் அதே வடிவமைப்பில் வந்த எடெல்ப்ராக்கும் புதியவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை. பெட்ரோல் மட்டத்துக்குக் கீழே கேஸ்கெட்டே கிடையாது. ஜெட்டுக்குள் ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கும் மீட்டரிங் ராடை மூடி கழற்றாமலே மாற்றலாம். எடெல்ப்ராக் 1405-உம் 1406-உம் ஒரே 600 சி.எஃப்.எம்.தான். முன்னது மேனுவல் சோக், சற்று ரிச் (பெட்ரோல் அதிகம்). பின்னது எலக்ட்ரிக் சோக், சிக்கனம். பம்ப் அழுத்தம் 6.5 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் வழிந்துவிடும். பலர் 'கெட்டுப்போச்சு' என்று விற்பது இதனால்தான், அந்தப் பீஸ்கள் பெரும்பாலும் நல்லவை.

நான்கு சிலிண்டருக்கு இரண்டு பேரல் கார்புரேட்டரான வெபர் டி.சி.ஓ.இ. ஜோடி எடுப்பவர்கள், இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், 40 டி.சி.ஓ.இ. 18 என்றால் இரண்டும் 18. அடுத்து, த்ராட்டிலை மூடி, ஒரே கார்புரேட்டரின் இரண்டு தகடுகளும் ஒன்றாக மூடுகின்றனவா என்று வெளிச்சத்தில் சரிபாருங்கள். ஒன்று மூடி மற்றொன்றில் பிறை போல ஒளி தெரிந்தால் தகடுகளைத் தாங்கும் ஸ்பிண்டில் முறுகியிருக்கிறது. எவ்வளவு டியூன் செய்தாலும் அந்த இரண்டு சிலிண்டரும் ஒத்துப்போகாது.

கடைசியாக லீவர். 700ஆர்4 போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், த்ராட்டிலிலிருந்து போகும் டி.வி. (த்ராட்டில் வால்வ்) கேபிள்தான் உள் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. கார்புரேட்டர் லீவரில் கேபிள் மாட்டும் புள்ளி சரியான தூரத்தில் இல்லாவிட்டால் அழுத்தம் குறைந்து கிளட்ச் தட்டுகள் கருகும். உங்கள் கியர்பாக்ஸ் அந்த வகையென்றால், அதற்கான பிராக்கெட்டும் கேபிள் மாட்டும் திருத்தத் துண்டும் கிடைக்குமா என்று உறுதிசெய்துகொண்டு அப்புறம் காசைக் கொடுங்கள்.