ஆரோக்கிய சேது ஆப்: அரசு பதிவிறக்கச் சொன்னதா, மிரட்டியதா?

கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் 2-ம் தேதி மத்திய அரசு கொண்டுவந்த ஆப் இது. புளூடூத்தையும் ஜிபிஎஸ்ஸையும் எப்போதும் ஆன் செய்து வைத்தால், பக்கத்தில் வந்து போனவருக்குப் பிறகு கொரோனா என்று தெரிந்தால் அன்று நமக்குச் சொன்னது. யோசனையில் குறையில்லை. ஆனால் பக்கத்து ஆளும் அதே ஆப்பை வைத்திருந்தால்தான் வேலை செய்தது, அவர் கையில் ஸ்மார்ட்போனே இல்லையென்றால் அவ்வளவுதான். ஜியோபோனுக்கும், 1921 என்ற எண்ணில் குரல் சேவைக்கும் அப்புறம் வழி செய்தார்கள், அதைப் பாராட்டலாம்.

எனக்கு உறுத்துவது வேறு. மே 1-ம் தேதி, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் காட்டி, வேலைக்குப் போகிற எல்லோரும் இதை வைத்திருக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. டெல்லியை ஒட்டிய நொய்டாவில் ஆப் இல்லாவிட்டால், அரசு உத்தரவை மீறியதற்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-வது பிரிவு பாயும் என்றார்கள். இதற்கென்று நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டதா? இல்லை. தொற்றுக் காலத்தில் அதற்கெல்லாம் நேரம் ஏது என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, சரி, ஆனால் நம் நடமாட்டத்தைக் கேட்கும்போது தரவு எத்தனை நாள், யார் கையில் இருக்கும் என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே. அதைச் சொல்லும் தரவு நெறிமுறை வந்தது மே 11-ல். மே 17-ல் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள், மே 26-ல் ஆப்பை யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கும்படி அதன் ஆண்ட்ராய்டு மூல நிரலை வெளியிட்டார்கள். இதையெல்லாம் முதல் நாளே செய்திருந்தால் நானே நாலு பேரிடம் பதிவிறக்கச் சொல்லியிருப்பேன்.

5-க்கு 2.