வருஷ வரிசையா, திறன் வரிசையா: துறை மாறுபவரின் பயோடேட்டா

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, நேரு வீதி ஜவுளிக்கடை ஒன்றில் 11 வருஷம் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரி ஃப்ரண்ட் ஆபீஸ் வேலைக்கு மாற நினைத்து, இரண்டு பயோடேட்டாக்களோடு வந்தார். "தம்பி, இதுல எதை அனுப்பட்டும்?"

முதலாவது வருஷ வரிசை. 2013-இல் விற்பனைப் பெண், 2017 முதல் 2024 வரை ஃப்ளோர் சூப்பர்வைசர், அவ்வளவுதான். எங்கே, எத்தனை நாள் என்பது பளிச்சென்று தெரியும். வேலைவாய்ப்புத் தளங்களின் மென்பொருளும் பதவியையும் தேதியையும் சிக்கலில்லாமல் பிடித்துக்கொள்ளும். ஒரே துறையில் மேலே போகிறவருக்கு இது போதும். துறை மாறுபவருக்குப் போதாது. ஆஸ்பத்திரிக்காரர் கண்ணுக்குப் புடவைக்கடைதான் தெரியும்.

இரண்டாவது, கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக் கொடுத்த திறன் வரிசை. தகவல் தொடர்பு, தலைமைப் பண்பு, குழுப்பணி என்று மேலே எட்டு வரி. கடைப் பெயரும் வருஷமும் கடைசியில் ஒரு மூலையில். எனக்கு இது பிடிக்கவே இல்லை. அந்த எட்டு வரியை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். வருஷத்தை ஓரங்கட்டினால், எதையோ மறைக்கிறார் என்ற சந்தேகமும் வரும். மறைக்க அவரிடம் என்ன இருக்கிறது? நடுவில் சில வருஷம் வேலைக்குப் போகாதவர்களுக்கு இந்த வடிவத்தைச் சிபாரிசு செய்வதுண்டு. அவர்களும் காரணத்தை ஒரு வரியில் சொல்லிவிடுவதே மேல் என்பேன்.

"சரி, தீபாவளி சமயத்துல கடையில என்னக்கா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"14 பொண்ணுங்களுக்கு கவுன்டர் பிரிக்கணும். சாப்பாட்டுக்கு மூணு மூணு பேரா அனுப்பணும். சாயம் போச்சுன்னு கத்திக்கிட்டு வர்றவங்களை உட்கார வெச்சு, தண்ணி கொடுத்துப் பேசணும். ராத்திரி ரொக்கம், கார்டு, ஜிபே மூணையும் பில்லோட ஒத்துப் பார்க்கணும்."

கூட்டம் முட்டும் ஓ.பி.யில் ஃப்ரண்ட் ஆபீஸ்காரர் படும் பாடும் இதேதானே!

அதனால் மூன்றாவதாக, இரண்டையும் கலந்து எழுதினோம். மேலே மூன்றே திறன்கள், ஒவ்வொன்றுக்கும் எங்கே, எவ்வளவு என்று ஒரு வரி, அதன் கீழே வருஷ வரிசை முழுதாக. 'குழுப்பணி' போய், '14 பேருக்கு வேலை பிரித்து 7 வருஷம் கடையின் ஒரு தளத்தை நடத்தியது' வந்தது. சென்டர்காரர் சேர்த்திருந்த 'நோயாளி பராமரிப்பு' என்ற வரியை அடித்துவிட்டேன். அக்கா செய்யாத வேலை அது. கலப்பு வடிவம் கொஞ்சம் நீளும், இரண்டாம் பக்கத்துக்குப் போனாலும் போகட்டும்.

வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் இணையதளத்தில் இந்தத் தேர்வே கிடையாது. அனுபவப் பகுதி தேதி வாரியாகத்தான் நிற்கும். திறனைச் சொல்ல 220 எழுத்துக்குள் அடங்கும் தலைப்பு வரியும், 2,600 எழுத்து வரை இடமுள்ள அறிமுகமும்தான் வழி. தலைப்பில் 'புதிய வாய்ப்புத் தேடுகிறேன்' என்று எழுதி அந்த இடத்தை வீணாக்க வேண்டாம். போக நினைக்கும் வேலையின் பெயர் அங்கே இருக்கட்டும்.

கிளம்பும்போது அக்கா வாசலில் நின்று, "எனக்குத் தெலுங்கும் வரும் தம்பி. ஏனாம்காரங்க கடைக்கு வருவாங்கல்ல, பேசிப் பேசி வந்துருச்சு" என்றார். திரும்ப உட்கார வைத்து, நான்காவதாக அதையும் சேர்த்தேன்.