அலாய் வீலில் காற்று இறங்குகிறதா? ‘ட்ரீட்மென்ட்’ என்று 9,600 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள், உஷார்!

9,600 ரூபாய். வீலுக்கு 2,400 வீதம் நாலு வீலுக்கு. காசு வாங்கிக்கொண்டு அவர்கள் செய்தது ரிம்முக்கு வெளியே சில்வர் பெயின்ட் அடித்ததும், வால்வு வழியாகப் பஞ்சர் அடைக்கும் ஜெல்லை ஊற்றியதும்தான். கடை பேரைப் போடவில்லை. டெல்டாவில் பைபாஸ் ஓரமாகக் கண்ணாடிக் கதவு, ஏசி அறை, அலைன்மென்ட் மெஷின் என்று பளபளப்பாக இருக்கும் டயர் கடைகளில் ஒன்று, அவ்வளவுதான். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது.

பிரச்சினை அலாய் போட்ட வண்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) நிரப்பினால் ஒரு வாரத்தில் 25க்கு வந்து நிற்கும். ஆணி இல்லை, கண்ணாடிச் சில்லு இல்லை. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ குறைவது இயல்பு, வாரத்துக்கு எட்டு குறைந்தால் எங்கோ வழி இருக்கிறது.

கடைப் பையன் சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பண்ணினான். ரிம்மும் டயரும் சேரும் இடத்தில் பொடிப்பொடியாக நுரை கட்டியது. “பாருங்கண்ணே, பீடுல லீக்கு” என்றான். பீடு என்றால் டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம். நூற்றுக்கு நூறு சரி. நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். நோயைச் சரியாகச் சொல்லிவிட்டான், மருந்தையும் வரி பிசகாமல் ஒப்பித்தான்: “டயரை இறக்கி, ரிம்மை ரெண்டு பக்கமும் தேச்சு, கோட்டிங் குடுத்து, பீடு சீலர் போட்டு, வால்வு நாலும் புதுசு மாத்தி, பேலன்ஸ் பண்ணிக் குடுத்துருவோம். ஒரு வருஷம் கேரண்டி. இதுக்கப்புறம் காத்து இறங்குச்சுன்னா என் பேரை மாத்திக்கிறேண்ணே.” இதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. உண்மையான வேலை இதேதான். உள்ளே வந்து பார்க்கலாமா என்றதற்கு மட்டும், “சேஃப்டிண்ணே, கஸ்டமர் உள்ள வரக்கூடாது, ஏசியில உக்காருங்க” என்று டீ வந்தது. சாயங்காலம் வீல் நாலும் மின்னியது, டயருக்குக் கறுப்புப் பாலிஷ் வேறு. 9,600 ரூபாய் போனிலேயே அனுப்பியாயிற்று.

இந்த ஊரில் அலாய் ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால்தான் அவர்கள் செய்த அயோக்கியத்தனம் புரியும். அலாய் என்பது அலுமினியக் கலவை. அலுமினியம் இரும்பு மாதிரிச் சிவப்பாகத் துருப்பிடிக்காது, வெள்ளைப் பொடியாகப் பூக்கும். ரிம்மின் மேல் இருக்கும் லாக்கர் பூச்சு எங்காவது உடைந்தால் போதும். டயர் கழற்றும்போது கம்பி பட்ட கீறல், கல்லடி, வீல் உதறாமல் சுற்ற விளிம்பில் அடித்து மாட்டும் கிளிப் வகை பேலன்ஸ் வெயிட், எதுவும் அதற்குக் காரணமாகலாம். அந்த உடைப்பில் தண்ணீர் நுழைந்து பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். இரும்புக் கிளிப்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் காற்றே உப்பு, பல ஊர்களில் வண்டி கழுவும் போர் தண்ணீரும் உப்பு. அறுவடைக் காலத்தில் டிராக்டர் ரோட்டில் இழுத்துவிடும் களிமண் ரிம்மின் உள்பக்கத்தில் அப்பிக்கொண்டு ஈரத்தை விடாமல் வைத்திருக்கும். அதனால்தான் வெளிப்பக்கத்தைவிட உள்பக்க பீடு முதலில் கெடுகிறது, வீலைக் கழற்றாமல் அது கண்ணுக்கும் தெரியாது. வெள்ளைப் பொடி பூச்சைத் தூக்கிவிட, டயரின் விளிம்பு ரிம்மில் முழுதாகப் படியாது. அந்த மயிரிழை இடைவெளியில்தான் காற்று போகிறது.

ஆகவே இதற்கு வைத்தியம் டயரை இறக்கித்தான். இரண்டு பக்க பீடையும் ரிம்மிலிருந்து பிரித்து டயரை வெளியே எடுக்க வேண்டும். டயர் உட்காரும் இடத்தைச் சுற்றிலும் கம்பி பிரஷ்ஷால் தட்டி, பிறகு 120, 240 உப்புத்தாளால் பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கும் ஓரம் வரும் வரை தேய்க்க வேண்டும். நகத்தால் தடவினால் படி தட்டக்கூடாது. கிரைண்டர் வைத்துக் குடைந்தால் பள்ளம் விழும், அப்புறம் அதுவே புது லீக். தின்னரால் துடைத்து, அரிப்பு ஆழமாக இருந்தால் அலுமினியத்துக்கான பிரைமரும் மெல்லிய கோட்டும் கொடுத்து நன்றாகக் காயவிட வேண்டும். டயரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியையும் துடைக்க வேண்டும், இதைப் பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். கடைசியில்தான் பீடு சீலர், அதுவும் மெல்லிசாக. தேய்க்காமல் சீலரை மட்டும் அப்பினால் சில மாதம் தாங்கும், அடியில் அரிப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பிறகு புது வால்வு, 40 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றாமல் பீடை உட்காரவைப்பது, தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்ப்பது, ஒட்டும் வகை வெயிட் வைத்து பேலன்ஸ். தேய்ப்பு ஒழுங்காக நடந்தால் ஒரு வீலுக்கே நேரம் பிடிக்கும். நாலு வீலும் பெயின்ட் காய்ந்து ஒரே சாயங்காலத்தில் வந்துவிட்டது என்றால் கணக்கு உதைக்கிறது.

உதைத்தது. அடுத்த வாரமே 33 மறுபடி 26. ஊருக்குள் இருக்கும் சாதாரணப் பஞ்சர் கடையில் முன் இடது வீலைக் கொடுத்து, எதிரிலேயே நின்று திறக்கவைத்ததில் எல்லாம் வெளிவந்தது. புது சில்வர் பெயின்ட் டயர் தொடும் கோட்டில் சரியாக நின்றுவிட்டது, டயரை இறக்காமலே அடித்திருக்கிறார்கள். டயரின் ஓரத்தில் பாலிஷுக்கு அடியில் சில்வர் தூசி. பீடில் வெள்ளைப் பொடி செதில் செதிலாக அப்படியே இருக்கிறது. வால்வு பழையது, வளைத்துப் பார்த்தால் அடியில் ரப்பர் வெடிப்பு. டயருக்குள் டம்ளர் கணக்கில் பச்சை ஜெல்!

ஜெல் ட்ரெட்டில், அதாவது டயர் ரோட்டில் படும் பகுதியில், ஆணி குத்திய ஓட்டைக்கு ஏதோ உதவும். வண்டி ஓடும்போது அது சுழல் வேகத்தில் ட்ரெட்டின் உள்பக்கம் போய்த்தான் படியும், ஓரத்தில் இருக்கும் பீடுக்கு அது எங்கே எட்டும்? நிறுத்தி வைத்தால் அடியில் தேங்கும், காலையில் எடுத்தால் ஸ்டீயரிங் உதறும். வால்வு பின்னையும் அடைக்கும். பஞ்சர் கடைக்காரர் வழித்துத் துடைக்கவே பாதி நேரம் போனது.

திரும்பப் போய்க் கேட்டால் ஆளுக்கொரு பதில். “கோட்டிங் செட் ஆகணும் சார், ஒரு மாசம் ஓட்டுங்க.” ‘அண்ணே’ போய் ‘சார்’ ஆகிவிட்டதைக் கவனியுங்கள். அப்புறம் “மழைக்காலம் சார், குளிர்ல காத்து சுருங்கும்.” சுருங்கும்தான், பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய இரண்டு பிஎஸ்ஐ. ஏழு குறையாது, அதுவும் நாலு டயரிலும் ஒரே அளவாக அல்லவா குறைய வேண்டும்? அப்புறம் “நைட்ரஜன் அடிச்சிருங்க சார்.” சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், ஓட்டை இருந்தால் அதுவும் போகும். கடைசியாக “டயர் பழசு சார், நாலும் மாத்திட்டா சரியாயிரும்.” பீடு போட்டோவைக் காட்டியதும் “ஓனர் மாயவரம் போயிருக்காரு.” போனை எடுப்பதே இல்லை. கேரண்டி எங்கே என்று பில்லைப் பார்த்தால் ‘வீல் ட்ரீட்மென்ட் 4 – 9,600’ என்று ஒரே வரி. கேரண்டியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. 9,600 ரூபாய்க்கு இந்தத் துண்டுச் சீட்டு!

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். மிச்சம் மூன்று வீலையும் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், அதனால் சுருக்கமாக. டயர் இறக்கிய வெறும் ரிம்மைத் தேய்க்கும் முன்னும் பின்னும் நேரில் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், உள்ளே விடாத கடையில் வண்டியையே விடாதீர்கள். பழைய வால்வு நாலையும் கையில் கேட்டு வாங்குங்கள். மாற்றினார்கள் என்றால் அறுத்த பழைய வால்வு இருந்தே ஆக வேண்டும். ஜெல் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். டியூப் போட்டுக்கலாம் என்பவனிடமிருந்தும், விரிசல் விட்ட அலாயை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவனிடமிருந்தும் ஓடிவிடுங்கள். பில்லில் என்னென்ன வேலை, எத்தனை மாதம் கேரண்டி என்று எழுதி வாங்குங்கள். ஏமாந்தவர்கள் 1915க்கு அடியுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். நான் அடித்துப் புகார் பதிந்தாயிற்று. அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் கொடுத்த காசு 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, உங்கள் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வீலைத் திறக்கும்போது போட்டோ எடுக்க மறக்காதீர்கள், மூடிவிட்டால் எந்தச் சாட்சியும் இல்லை.