'டமில்' பேசிய பிரெஞ்சுக்காரர்: அயல் உச்சரிப்பைப் பழக எந்த வழி?

செல்லூரில் ஒரு மாடியறையில், சுவரெல்லாம் ஃபோம் ஒட்டி, குரல் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். சென்ற ஆண்டு ஒரு விளம்பரத்துக்காகத் தமிழ் பேசும் பிரெஞ்சு சமையல்காரர் வேடம் வந்தது. "டம்பி, இந்ட டோசை எப்படி?" என்று உற்சாகமாகப் பேசி அனுப்பினேன். "இவர் பிரெஞ்சுக்காரர் இல்லை, திருவிழா மேடையில் வருகிற வெள்ளைக்காரத் துரை" என்று பதில் வந்தது. பேசிய தொகையில் பாதிதான் கைக்கு வந்தது.

கோபம் ஆறிய பிறகு பார்த்தால், அவர்கள் சொன்னது சரிதான். ஆங்கிலேயரின் நுனிநாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறில் தட்டுகிறது. நம் காதுக்கு அது 'ட' போலக் கேட்கிறது. அதனால் துரை 'டம்பி' என்பது பொருத்தம். பிரெஞ்சுக்காரரின் நாக்கோ பல்லையே தொடுகிறது, ஏறக்குறைய நம் 'த' மாதிரி. அவருக்குத் தம்பியும் தோசையும் தடுக்காது. தடுக்குவது 'ட'தான். 'வீடு' அவர் வாயில் 'வீது' ஆகும், 'பாட்டு' 'பாத்து' ஆகும். நான் செய்தது அப்படியே தலைகீழ். ரகரத்தை அவர் உள்நாக்கருகே உரசுவார் என்பதும், சொற்றொடரின் கடைசி அசையில்தான் அழுத்தம் வைப்பார் என்பதும் தனிக் கதை.

மிமிக்ரி வழியின் குறை இதுதான். அது வெளிநாட்டவரைப் பார்த்துச் செய்வதில்லை. அவரைச் செய்து காட்டிய இன்னொரு மிமிக்ரிக்காரரைப் பார்த்துச் செய்வது. கூச்சத்தைப் போக்கும், வேகம் தரும். பத்து விநாடி நகைச்சுவைக்கு அதுவே போதும். அரை மணி நேரக் கதையில் மூன்றாவது நிமிடமே சாயம் வெளுத்துவிடும்.

"மீனாட்சி கோயிலைச் சுற்றி வெளிநாட்டவருக்கா பஞ்சம்? சித்திரை வீதியில் போய் நில்" என்பார்கள். நின்றேன். நம்மிடம் பேசும்போது அவர்கள் நமக்குப் புரிய வேண்டுமென்று சொல்சொல்லாக நிறுத்திப் பேசுகிறார்கள். அது அவர்களின் இயல்பான பேச்சே அல்ல. தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது ஒட்டுக்கேட்பதும் பதிவு செய்வதும் முறையில்லை. முகபாவமும் மூச்சுவிடும் இடமும் மட்டும் அங்கே கிடைத்தன.

இணையத்தில் உள்ள ஒலிக்களஞ்சியங்கள் அதைவிட மேல், காசும் இல்லை. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் 'ஸ்பீச் ஆக்சென்ட் ஆர்கைவ்' உலகின் பல மொழிக்காரர்களை ஒரே ஆங்கிலப் பத்தியை வாசிக்கவைத்துச் சேமித்திருக்கிறது. பத்தியில் 69 சொற்கள். பிரெஞ்சுக்காரர், ரஷ்யர், நம் தமிழர் மூவரையும் ஒரே வரியில் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். ஆனால் வாசிப்பு வாசிப்புதான். 'இன்டர்நேஷனல் டயலெக்ட்ஸ் ஆஃப் இங்கிலீஷ் ஆர்கைவ்' என்பதில் வாசிப்போடு சொந்தப் பேச்சும் இருக்கிறது, நடிப்புக்கு என் ஓட்டு அதற்கே. இரண்டிலும் இருப்பது ஆங்கிலம்தானே என்றால், ஆமாம். ஆனால் நாக்கின் பழக்கம் மொழி மாறினாலும் கூடவே வரும்.

கேட்டதைக் குறித்து வைக்க ஒலியியல் வேண்டும். 1886இல் பாரிஸில் தொடங்கிய சர்வதேச ஒலியியல் சங்கத்தின் குறியீட்டு அட்டவணையைப் பார்த்துப் பலர் மிரளுகிறார்கள். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் புரட்டியவருக்கு மிரட்சி தேவையில்லை: நாக்கின் எந்தப் பகுதி, வாயில் எந்த இடம் என்ற அதே கேள்விதான் அங்கும். முழு அட்டவணையை மனப்பாடம் செய்ய வேண்டாம். எடுத்த வேடத்துக்கு மாறுகிற நான்கைந்து ஒலிகள் போதும்.

அட்டவணை சொல்லித் தராத ஒன்றை ஒரு நண்பர் வீட்டில் கற்றேன். ஆங்கிலேயர் 'பென்' என்னும்போது முதல் ஒலியோடு ஒரு காற்று வெடிக்கும். உதட்டுக்கு முன் மெல்லிய தாளைப் பிடித்தால் படபடக்க வேண்டும். என் தாள் மாதக்கணக்கில் அசையவே இல்லை. நண்பர் சௌராஷ்டிரர், மூச்சொலி கலந்த எழுத்துகள் அவர் வீட்டு மொழியிலேயே உண்டு. முதல் முயற்சியில் தாள் பறந்தது. எரிச்சலாக இருந்தாலும் அவர் வாயைப் பார்த்துத்தான் பழகினேன். யாழ்ப்பாணத்தார் 'வெற்றி' என்பதையும் அப்படிக் கவனித்துக் கேளுங்கள்: அந்த 'ற்ற' ஆங்கிலேயரின் ஈறுத் தட்டலுக்கு மிக அருகில் இருக்கிறது.

கட்டணம் வாங்கும் பயிற்சியாளர்? நம் காதுக்கே எட்டாத பிழையை அவர் பிடிப்பார். ஆனால் வெறுங்கையோடு போனால் முதல் மணிநேரம் அறிமுகத்திலேயே கரையும். களஞ்சியத்தில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒலிகளைக் குறித்து, ஒரு வாரம் பேசிப் பதிவு செய்துகொண்டு, கடைசியாக ஒரு மணிநேரம் மட்டும் பயிற்சியாளரிடம் போகிறேன். இப்போதைக்கு எனக்குக் கட்டுப்படியாகிற வரிசை இதுவே.

அடுத்த வாரம் ஒரு ஜப்பானியத் தாத்தா வேடம். குறிலும் நெடிலும் அவருக்குப் பிசகாது, இரட்டித்த ஒற்றும் பிசகாது; இரண்டும் அவர் தாய்மொழியிலேயே உண்டு. குழம்புவது லகரமும் ரகரமும்தான். வசனத்தில் 'பலகாரம்' நான்கு இடங்களில் வருகிறது. 'பரகாரம்' என்று நான்கு முறையும் சொன்னால் மறுபடியும் மேடைத் துரையாகிவிடுவேனோ என்று பயம். இரண்டு இடத்தில் மட்டும் நழுவவிட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.