கறையோடு ஸ்கேன் செய்து கொடுத்த கடை

பழைய போட்டோ, நெகட்டிவ் ஸ்கேன் செய்யும் இந்தக் கடை, கோயம்புத்தூர் ராஜவீதியிலிருந்து பிரியும் நகைப்பட்டறைச் சந்தில் மாடியில் இருக்கிறது. படி செங்குத்து. ஏற முடியாதவர்கள் கீழே நின்று போன் பண்ணினால் கடைக்காரரே இறங்கி வந்து வாங்கிக்கொள்வார். வண்டி நிறுத்த இடம் கிடையாது. நான் உக்கடத்தில் பஸ் இறங்கி நடந்துதான் போனேன்.

எனக்கு இருகூரில் லேத் பட்டறை. எங்க அப்பாரு (அப்பாவைப் பெத்த தாத்தா) 1944லிருந்து இரண்டாம் உலக யுத்தம் முடிகிற வரைக்கும் பீளமேட்டில் பிட்டர் வேலை பார்த்தவர். அப்போது அங்கே பிரிட்டிஷ் கடற்படையின் விமானப் பழுது பார்க்கும் யார்டு இருந்தது. தரையில் இருக்கிற தளத்துக்கும் கப்பல் மாதிரியே பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். பீளமேட்டுக்கு 'எச்.எம்.எஸ். கருடா', சூலூருக்கு 'எச்.எம்.எஸ். வைரி'. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரியும்? எனக்கே நாற்பது வயசுக்கு மேல்தான் தெரிந்தது.

ஆத்தா (பாட்டி) போன பிறகு பெட்டியைக் காலி பண்ணும்போது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே 11 போட்டோ, 4 நெகட்டிவ். யார்டை மூடிக் கிளம்பும்போது ஒரு வெள்ளைக்கார மாலுமி கொடுத்துவிட்டுப் போனதாக அப்பாரு சொல்லியிருக்கிறார். பத்து படங்கள் பட்டறை, ஆட்கள், கிரிக்கெட் ஆட்டம். பதினோராவது படத்தில் சோளம் அறுத்த காட்டில் ஒரு விமானம் மூக்குக் குத்திக் கிடக்கிறது. பக்கத்தில் இரண்டு மாலுமிகள், தலைப்பாகை கட்டின நம்ம ஆட்கள் நாலைந்து பேர். பின்னால் மங்கலாக ஒரு மலை.

ரெக்கை வேரிலேயே கீழே வளைந்து மறுபடி மேலே போகிறது. அந்த வளைவை வைத்துக் கோர்சேர் என்ற போர் விமானம் என்று சொல்லிவிடலாம். 1944 ஏப்ரலில், ஜப்பான் கையில் இருந்த சுமத்ரா பக்கத்துச் சபாங் துறைமுகத்தைத் தாக்கின பிரிட்டிஷ் விமானம் தாங்கிக் கப்பல் இல்லஸ்ட்ரியஸில் இருந்ததும் இந்த ரகம்தான். பிரிட்டிஷ் கப்பல்களின் விமானக் கூடத்துக்குள் ரெக்கையை மடக்கி நிறுத்த உயரம் போதாமல், ரெக்கை நுனியில் எட்டு அங்குலம் வெட்டியிருப்பார்கள். படத்தில் விசிறி இலைகளின் நுனி சுருண்டிருக்கிறது. இரும்பு வேலை செய்கிறவன் பார்த்தால் தெரியும், என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தரையில் அடித்திருக்கிறது. அதை ஓட்டிவந்த பையன் பிழைத்தானா இல்லையா என்பதுதான் இத்தனை மாதமாக என்னைப் பிடித்து ஆட்டுகிறது.

இந்தப் படத்தை முதலில் நான் கொண்டுபோனது இங்கே இல்லை, நகரத்திலேயே வேறொரு பெரிய ஸ்டுடியோவுக்கு. பதினைந்து நாளில் கலர் போட்டு, பிரேம் மாட்டிக் கொடுத்தார்கள். பார்க்க அழகாக இருந்தது, வீட்டில் எல்லாருக்கும் பிடித்துவிட்டது. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

விமானத்தின் பக்கவாட்டில் இருக்கும் வட்டக் குறிக்கு நடுவில் பளிச்சென்று சிவப்பு வைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் பறந்த பிரிட்டிஷ் விமானத்துக்கு அது சரி. இந்தியா, பர்மா, இலங்கைப் பக்கம் பறந்தவற்றில் அந்தச் சிவப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். ஜப்பான் விமானத்தின் சிவப்புச் சூரியன் என்று நினைத்துச் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாதே என்று. எங்கள் படத்தில் நடுவட்டம் வெளிறித்தான் இருக்கிறது. இது நம்ம பக்கத்து விமானம் என்று காட்டுகிற ஒரு அடையாளத்தின் மேலேயே கலர் போடும் மென்பொருள் சிவப்பைப் பூசிவிட்டது.

அதைவிடக் கொடுமை, வால் பக்கம் இருந்த கறையைத் துடைத்து வழவழவென்று ஆக்கியதுதான். அந்தக் கறைக்குள்தான் விமானத்தின் எண் இருந்தது. இரண்டு ஆங்கில எழுத்து, மூன்று இலக்கம். பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு விமானம் அடிபட்டால் 'ஏ25' என்ற படிவத்தில் அறிக்கை எழுத வேண்டும். விமானம் எது, ஓட்டினவர் யார், என்ன ஆனது எல்லாம் அதில் வரும். அங்கே போய்ச் சேர நம்மிடம் இருக்கிற ஒரே சாவி அந்த எண். பின்னால் இருந்த மலையையும் அழுக்கு என்று நினைத்து எடுத்துவிட்டு நீல வானம் வைத்திருந்தார்கள். மலை போனால் இடமும் போச்சு.

அசல் பிரதி பத்திரமாகத் திரும்பி வந்ததே பெரிய விஷயம். அதை எடுத்துக்கொண்டுதான் இந்த மாடிப்படி ஏறினேன். "எதையும் திருத்த வேண்டாங்க. கறை, கீறல், மடிப்பு எல்லாம் அப்படியே வேணும்" என்றேன். கடைக்காரர் படத்தை ஓரத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்படியே வேணும்னாத்தானுங்கண்ணா நேரம் அதிகமாகும்" என்றார். சரியான ஆளிடம் வந்திருக்கிறோம் என்று அப்போதே தோன்றியது.

போட்டோக்களை அங்குலத்துக்கு 1200 புள்ளியிலும் நெகட்டிவ்களை 2400லும் எடுத்தார். கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் முறையில் ஸ்கேன் பண்ணினார். ஏன் என்று கேட்டேன். கறை பழுப்பு, அச்சு சாம்பல். கலரில் எடுத்தால் பிற்பாடு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம், கறுப்பு வெள்ளையில் எடுத்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும் என்றார். சேமித்துக் கொடுத்தது தரம் குறையாத டிஃப் கோப்பாக. ஜேபெக் என்றால் ஒவ்வொரு தடவை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் தேயும். நான் கேட்காமலே படங்களின் பின்பக்கத்தையும் எடுத்தார். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும், அழிந்துபோன பென்சில் எழுத்து பள்ளமாகத் தெரிந்தது. 'கருடா' என்று ஆங்கிலத்தில், கீழே 45. எண்பது வருஷம் வீட்டில் இருந்த படம், ஒருத்தரும் அதைப் பார்த்ததில்லை.

கறையைப் பிரித்த பிறகு வால் எண்ணில் இரண்டு எழுத்தும் இரண்டு இலக்கமும் தெளிவு. கடைசி இலக்கம் 3 அல்லது 8.

பழசை அப்படியே விட்டுவைப்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கிலாந்தில் இயோவில்டனில் கடற்படை விமான அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கேடி431 என்று ஒரு கோர்சேர். 1960களில் காட்சிக்கு வைப்பதற்காக மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பிற்காலத்தில் அதே அருங்காட்சியகத்தார் அந்தப் பெயின்டை மட்டும் செதில் செதிலாகப் பல வருஷம் பெயர்த்தெடுத்து, அடியிலிருந்த 1944ஆம் வருஷத்துப் பெயின்டை வெளியே கொண்டுவந்தார்கள். கீறலும் திட்டுமாகத்தான் இன்றைக்கும் நிற்கிறது. பட்டறையில் பெயின்ட் உரிக்கிற வேலையைச் செய்து பார்த்தவனுக்கு அது எவ்வளவு பொறுமை என்று தெரியும்.

நம்ம சூலூரையே எடுத்துக்கொள்ளுங்கள். சூலூர் விமானப்படைத் தளத்தில் இருக்கும் 33ஆவது படைப்பிரிவின் ஏஎன்-32 போக்குவரத்து விமானம் 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பி, 29 பேரோடு காணாமல் போனது. ஏழரை வருஷம் கழித்து, 2024 ஜனவரியில், கடலில் 3,400 மீட்டர் ஆழத்தில் தானியங்கிக் கலம் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் அது அந்த விமானத்தின் சிதைவு என்றார்கள். அந்த 29 வீடுகளும் காத்திருந்தது அப்படி ஒரு படத்துக்குத்தான். மங்கலாக இருக்கிறது என்று எந்தப் படத்தையும் என்னால் இனிமேல் ஒதுக்க முடியாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் என்றார், மூன்று வாரம் ஆனது. மத்தியானம் போன் எடுக்க மாட்டார். ஞாயிறு லீவு. நெகட்டிவ்களைச் சாதாரணப் பிளாஸ்டிக் கவரில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நம்ம ஊர் வெயிலுக்கு அது ஒட்டிக்கொள்ளும். சொன்னதும் கோபப்படாமல் பட்டர் பேப்பரில் மடித்துக் கொடுத்தார், ஆனால் அவராகவே செய்திருக்க வேண்டும். போட்டோ ஒன்றுக்கு 60 ரூபாய், நெகட்டிவ் 150. மொத்தம் 1,260. பின்பக்கங்களுக்குத் தனியாக வாங்கவில்லை. தன் கணினியில் இருக்கும் நகலை அழிக்கட்டுமா, வைத்திருக்கட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் அழித்தார்.

மலை உருவத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு, தங்கச்சி மகனோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் ரோட்டில் அலைந்தேன். ஒரு இடத்தில் நின்றால் சிவன்மலையின் இடது சரிவு படத்தோடு ஏறக்குறைய ஒட்டுகிறது. வலது பக்கம் ஒட்டவில்லை. இன்னும் கொஞ்சம் தெற்கே தள்ளிப் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் காடெல்லாம் சைட் போட்டுக் கல் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பழைய அலுமினியத் தகடு யாருக்காவது கிடைத்தால் தயவுசெய்து மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், எடைக்குப் போடாதீர்கள். கிடந்த இடத்தில் கிடந்தபடியே முதலில் படம் எடுங்கள்.

நான்கு நெகட்டிவ்களில் ஒன்று டப்பாவைத் திறந்தபோதே காடி (வினிகர்) வாசம் அடித்தது. பிலிம் அழுகத் தொடங்கிவிட்டதற்கு அது அடையாளம். மற்றவற்றைக் கெடுத்துவிடும் என்று அவர் உடனே தனியாக எடுத்து வைத்தார். விமானம் விழுந்த அந்தப் படத்தின் நெகட்டிவ் அதுதான். சுருண்டு நிற்கிறது. கண்ணாடிக்கு அடியில் அழுத்தினால் உடைந்துவிடும் என்று ஸ்கேன் பண்ண மறுத்துவிட்டார், அதற்குக் காசும் வாங்கவில்லை. மேலே சொன்ன தொகையில் 150ஐத் திருப்பிக் கொடுத்தார். நேற்று அவரே போன் பண்ணினார். "அழுத்தாம, லைட் பெட்டி மேல வெச்சு, கேமராவுலயே துண்டு துண்டா எடுத்துப் பாக்கலாமுங்கண்ணா. தள்ளிப் போடாதீங்க, நாளாக நாளாக இன்னும் சுருளும்" என்றார்.

சனிக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போகிறேன்.