பிரெஞ்சு பார்ட்டியா, ஜப்பான் பார்ட்டியா: யார்கிட்ட பேசுறது ஈஸி?

பாண்டில ஊதுபத்தி, லெதர் பை எக்ஸ்போர்ட் பண்றோம், ரெண்டு நாட்டுக்காரங்ககிட்டயும் பேசிப் பேசி பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இது.

பிரெஞ்சுக்காரங்ககிட்ட முதல்ல 'போன்ஷூர்' (வணக்கம்), அப்புறம்தான் மத்ததெல்லாம், நேரா ரேட்டுக்குப் போனீங்கன்னா மூஞ்சி மாறிடும். நம்ம நீ, நீங்க மாதிரியே அவங்களுக்கும் 'தூ', 'வூ' இருக்கு, பிசினஸ்ல வூ போட்டே பேசுங்க, அவங்களா சொல்ற வரைக்கும் மாத்தாதீங்க. சாம்பிளைப் பார்த்துட்டு குறையா அடுக்குவாங்க, நான் முதல் தடவை ஆர்டர் போச்சுன்னே நினைச்சேன், ஆனா விவாதம் பண்றாங்கன்னா இன்ட்ரஸ்ட் இருக்குன்னு அர்த்தம், நீங்களும் தாராளமா எதிர்த்துப் பேசலாம். ஆகஸ்ட்ல மட்டும் மெயில் போட்டுட்டு காத்திருக்காதீங்க, நிறைய பேர் லீவு.

ஜப்பான்காரங்க அப்படியே உல்டா. விசிட்டிங் கார்டை ரெண்டு கையாலயும் வாங்கி, படிச்சுப் பார்த்து, மேஜை மேல வைக்கணும் (தாம்பூலம் வாங்குற மாதிரின்னு வச்சுக்கோங்க), பேன்ட் பாக்கெட்ல சொருகுனா அவமரியாதை. 'ஹாய்'னு (ஜப்பானிய மொழியில 'ஆமா') தலையாட்டுனா பல நேரம் 'கேட்டுட்டு இருக்கேன்', அவ்வளவுதான், எங்க அண்ணன் அதை ஓகேன்னு நம்பி கடலூர்ல சரக்குக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு முழிச்சாரு. 'யோசிச்சுச் சொல்றோம்'னா பெரும்பாலும் இல்லைதான், பொண்ணு பார்த்துட்டு பஜ்ஜி சொஜ்ஜி சாப்ட்டுட்டு 'ஊருக்குப் போய் தகவல் சொல்றோம்'பாங்களே அது மாதிரி. கம்பெனிக்குள்ள கீழ இருந்து மேல வரைக்கும் எல்லாரும் ஒத்துக்கணும்கிறதால முடிவுக்கு மாசக்கணக்குல இழுக்கும்.

எனக்கு பிரெஞ்சுக்காரங்கதான் செட் ஆகுது, சண்டை போட்டாவது அன்னைக்கே விஷயம் தெரிஞ்சிடும். அவ்வளவு அடி வாங்கியும் அண்ணனுக்கு ஜப்பான்தான் பிடிக்குது.