ஹெச்பி-67: "கார்டு மட்டும் இழுக்கலையாம்"

"அண்ணே, ஒரு 67 வருது. எல்லாம் வேலை செய்யுதாம், கார்டு மட்டும் இழுக்கலையாம். அதனால விலையைக் குறைச்சிட்டாங்க. வாங்கலாமா?"

போன வாரம் இப்படிக் கேட்டது தம்பி மாதிரிப் பழகும் நண்பர். 67 என்றால் ஹெச்பி கம்பெனியின் பழைய கால்குலேட்டர்; புரோகிராமைக் குட்டிக் காந்தக் கார்டில் எழுதி வைத்து, வேண்டும்போது கார்டை உள்ளே விட்டு ஏற்றிக்கொள்ளலாம். அந்த "கார்டு மட்டும்" என்ற சொல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. போனில் பேசினால் அவரோடு சண்டை போடுவது போல ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

224 அடி (அதாவது 224 கட்டளை) புரோகிராம், எண்களைப் போட்டுவைக்க 26 நினைவகம், சிவப்பு எல்இடித் திரை, எண்களை முதலில் தட்டிக் கூட்டல் கழித்தலைக் கடைசியில் தட்டும் ஆர்பிஎன் முறை. இதெல்லாம் தெரிந்துதான் இதைத் தேடி அலைகிறோம், விடுங்கள். நான்கு வருடமாக என்னிடம் ஒன்று இருக்கிறது. பட்டன்களில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்தது என்பதால், பட்டன் மேலிருக்கும் எண் எத்தனை வருடம் தேய்த்தாலும் அழியாது. அழுத்தினால் விரலுக்கு ஒரு 'டிக்' தெரியும். இன்றைக்கு வாங்கும் எதிலும் அது இல்லை.

என் கோபமெல்லாம் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் உருளை மேல். மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

சூயிங்கம் பட்டை அளவுள்ள கார்டை வலது பக்கத்துத் துளையில் நுழைத்தால் ஒரு குட்டி மோட்டார் ஓடும். மோட்டார் பல்சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் உருளையைச் சுற்றும், உருளை கார்டைப் பிடித்து, அதைப் படித்து எழுதும் காந்தத் தலைக்கு மேல் இழுத்து இடது பக்கமாக வெளியே தள்ளும். அவ்வளவுதான் வேலை. அந்த ரப்பர் வயதானால் காய்ந்து வெடிப்பதில்லை, உருகுகிறது. திறந்து பார்த்தபோது பலாப்பழம் அரிந்த கத்திபோல எல்லாம் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டியது. ஐம்பது வருடம் கழித்து இப்படி ஒருவன் திறந்து பார்த்துத் திட்டுவான் என்று 1976-இல் யாருக்குத் தெரியும்? செய்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இதற்கு மூத்த ஹெச்பி-65 கால்குலேட்டருக்கும் இதே வியாதிதான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஐ-59 கால்குலேட்டரிலும் இழுக்கும் சக்கரம் இப்படியே கூழாகிறது.

சரி, கார்டு போனால் போகட்டும், கால்குலேட்டராக வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். 67-ஐ அணைத்தால் புரோகிராம் மறந்துவிடும். அதே 1976-இல் வந்த ஹெச்பி-25சி கால்குலேட்டர் அணைத்தாலும் நினைவில் வைத்திருக்கும், ஆனால் அதில் 49 அடிதான். 67-க்கு ஞாபகமே அந்தக் கார்டுதான். அது ஓடவில்லையென்றால் தினமும் காலையில் 224 அடியையும் விரலால் தட்ட வேண்டும். நான் மூன்று மாதம் அதைச் செய்தேன். ஒரு அடி தவறினால் விடை எங்கோ போய் நிற்கும், எங்கே தவறியது என்று தேடுவதற்குள் டீ ஆறிவிடும்.

முதலில் ஒரு ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். அவர் மீன்தொட்டிக் காற்றுக் குழாயை வெட்டி மாட்டித் தந்தார். கெட்டியான குழாய், வழவழப்பு வேறு. கார்டு பாதி வரை போய் நின்று உறுமும். அப்புறம் நானே இறங்கினேன். பின்பக்க லேபிளைச் சூடு காட்டி மெல்ல உரித்துத்தான் திருகாணியை அடைய வேண்டும், அவசரப்பட்டால் லேபிள் மடியும். என்னுடையது மடிந்திருக்கிறது. பழைய கூழை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் எடுக்கவே ஒரு மாலை ஆனது. பல்சக்கரத்தின் இடுக்கில் இருப்பதை விட்டுவிட்டு மூடினால் மறுபடி திறக்க வேண்டியதுதான். நான் மூடினேன், மறுபடி திறந்தேன்.

மாடல் விமானத்தில் எரிபொருள் போகும் சிலிக்கோன் குழாய்தான் இதற்குச் சரி. அதிலும் கனம் பார்த்து வாங்க வேண்டும். மெலிந்தால் கார்டைப் பிடிக்காது, தடித்தால் கார்டு வேகமாக ஓடும். நான் முதலில் போட்டது கொஞ்சம் தடிப்பு, நழுவாமல் இருக்க ஒரு சொட்டு சூப்பர் குளூவும் வைத்தேன். அந்தச் சொட்டு மேடாக நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் கார்டு ஒரு விக்கல் விக்கியது. விசித்திரம் என்னவென்றால், அதில் நானே எழுதிய கார்டை அது படித்தது. கூட வந்த பழைய கார்டுகளைப் போட்டால் மட்டும் 'எர்ரர்'. தான் எழுதிய கோணல் கையெழுத்தைத் தான் மட்டுமே படிக்கும் ஆள் மாதிரி. பசை இல்லாமல் சரியான குழாயை மாட்டியதும் பழையவையும் படித்தன. ஆனால் இடைப்பட்ட காலத்தில் நான் எழுதிய பதினோரு கார்டும் வீண். மறுபடி தட்டி, மறுபடி எழுதினேன்.

இன்னொன்று. உருளையைத் திட்டும் முன் பேட்டரியைப் பாருங்கள். மோட்டார் ஓடும்போதுதான் அதிக மின்சாரம் இழுக்கும், மூன்று நிக்கல் காட்மியம் செல்லில் ஒன்று சோர்ந்தாலும் கார்டு நொண்டும். பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகி ஓட்டிப் பார்க்கவே கூடாது, சர்க்யூட் போய்விடும். உருளை மாற்றாத கருவியில் நல்ல கார்டை விட்டும் பார்க்காதீர்கள். கூழ் கார்டில் அப்பினால் அதுவும் போச்சு.

இவ்வளவுக்குப் பிறகும் தீராத ஒரு எரிச்சல் உண்டு. காலையில் முதல் தடவை எடுக்காது. 'எர்ரர்' காட்டும், இரண்டாவது தடவை ஒழுங்காகப் படிக்கும். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்து குழாய் தட்டையாகிறது என்பது என் கணக்கு. ஒரு வருடமாக இதையே பார்க்கிறேன், இன்னும் ஒவ்வொரு காலையும் எரிச்சல் வருகிறது.

நிலவில் ராக்கெட் இறக்கும் விளையாட்டுக் கார்டு ஒன்று ஸ்டாண்டர்ட் பேக் என்ற ஹெச்பியின் கார்டுத் தொகுப்பில் உண்டு. அதை விட்டேன் என்றால், வலது பக்கம் நுழையும், 'ர்ர்ர்' என்று ஒரு சன்னமான முனகல், விரல் விட்டதும் தானாகவே போய் இடது பக்கம் எட்டிப் பார்க்கும். எடுத்துத் திரைக்கும் பட்டனுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் செருகினால், கார்டில் அச்சிட்ட பெயர்கள் 'ஏ' முதல் 'இ' வரையுள்ள ஐந்து பட்டனுக்கும் நேர் மேலே வந்து உட்காரும். புரோகிராமும் அதுதான், பட்டனின் பெயர்ப்பலகையும் அதுதான். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு இதை மட்டும் காட்டுவேன். யாரும் கணக்கைப் பற்றிக் கேட்பதில்லை, "இன்னொரு தடவை விடுங்க" என்பார்கள். இரண்டாவது தடவைதானே, எடுத்துவிடும்.

தம்பி, வாங்காதே. கார்டு ஓடாத 67 என்றால் உனக்கு இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமை போச்சு. கணக்குதான் போட வேண்டுமென்றால் 25சி போதும். ஒன்று மட்டும் விற்பவரிடம் கேட்டுச் சொல்: கார்டு உறை கூட வருகிறதா, உள்ளே எத்தனை கார்டு இருக்கிறது, மூலை வெட்டாததா (வெட்டியதில் மறுபடி எழுத முடியாது)? அப்படியே அவர் நம்பரையும் அனுப்பு. குழாய் ஒரு முழம் மிச்சம் வைத்திருக்கிறேன்.